மெய்யின் மேல் ஒரு புள்ளி

இருபத்திரண்டு எழுத்து.
அவ்வளவுதான் அதன் நீளம்.
அடையாள அட்டையில் என் பெயரும்
அப்பா பெயரும் சேர்ந்தால் அதைவிட நீளம்.

அது எதையும் கட்டுவதில்லை.
கட்டச் சொல்லி வரும் ஓலையைப்
பாதி வழியில் மறித்து
வாயைப் பொத்துகிறது.

மைக்ரோ ஆர்என்ஏ என்றேன்.
பிடோக் அங்காடிக் கடையில் என் தங்கை
"மைக்ரோவேவா?" என்றாள்.
டிஷ்யூ தாளில் ஒரு 'க' எழுதினேன்.
தலையில் புள்ளி வைத்தேன்.
எழுத்து எங்கும் போகவில்லை, பார்,
உயிர் மட்டும் அடங்கிவிட்டது.
அவள் அந்தத் தாளிலேயே
சாம்பல் சிந்தியதைத் துடைத்தாள்.

பயோபோலிஸ், ஏழாம் மாடி.
ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் குளிர்பெட்டிகளும்தான்.
நுண்ணோக்கியின் கீழே
பெருஞ்சீரகம் சிந்தியது போல
எலியின் இளந்தசைச் செல்கள்.
தீனி இருக்கும்வரை பெருகும், பெருகும்,
வேறொன்றும் செய்யாது.
தசையாக வேண்டுமென்றால் பட்டினி போட வேண்டும்.
கன்றின் சீரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக்
குதிரையின் சீரம், நூற்றுக்கு இரண்டு.
மூன்றாம் நாள்
ஒன்றையொன்று தொட்டு வரிசையாகி
இடைச்சுவர் கரைந்து,
யீஷூனில் இரண்டு வீட்டை இடித்து ஒன்றாக்கிய
ஜம்போ வீடு மாதிரி,
ஒரே நீளக் குழல், உள்ளே பல கருக்கள்.
ஆறாம் நாளோ ஏழாம் நாளோ
யாரும் கேட்காமல்
அது ஒருமுறை துடிக்கும்.
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறேன்.

ஒன்றாம் எண்ணும் நூற்றுமுப்பத்துமூன்றாம் எண்ணும்
ஒரே நூலில் பிறந்து
தறிக்கப்பட்டுப் பிரிந்தவை.
போதும், தசையாகு என்பது ஒன்று.
இரு, இன்னும் பெருகு என்பது மற்றது.
என்பது என்றா சொன்னேன்?
இரண்டுக்கும் பேச்சே கிடையாது.
யார் வாயைப் பொத்துவது என்பதில்தான்
உடன்பிறப்புச் சண்டை.

இருநூற்றாறு வேறு மாதிரி.
தசைக்குள்ளேயே குடியிருப்பது.
தசை உடைந்தால் ரத்தத்தில் கசிகிறது,
வீடு எரிந்த மறுநாள்
கதவெண் மட்டும் தெருவில் கிடப்பது போல.

மருத்துவமனையிலிருந்து வந்த குழாயில் பெயர் கிடையாது.
டி-17. ஆண். பதினொரு வயது. டுஷேன்.
வளைகோடு இருபத்துநான்காம் சுற்றிலேயே எழுந்துவிட்டது.
சீக்கிரம் எழுவது
இந்த ஊரில் எல்லோருக்கும் பெருமை,
இந்தத் திரையில் மட்டும் இல்லை.
ஹுயி மின்னுக்குக் கட்டத்தை அனுப்பினேன்.
கட்டைவிரலை அனுப்பிவிட்டு
அதை உடனே நீக்கினாள்.

புவன விஸ்தா நிலையத்தின் மின்தூக்கி.
மின்சக்கர நாற்காலியில் ஒரு பையன்,
ஓட்டப்பந்தய வீரனுக்கு இருப்பதுபோல் கெண்டைக்கால்.
அந்தக் கொழுத்த கால் எதைச் சொல்கிறதென்று
எனக்குப் படிக்கத் தெரியும்.
படிக்காமலிருக்கத் தெரியவில்லை.
வலக்கையை இடக்கையால் தாங்கி
பொத்தானுக்கு ஏற்றினான்.
அவன் அம்மா பையின் ஜிப்பைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
கை நீட்டவில்லை. நானும்.
விரல் போய்ச் சேர
மேலே ஒரு ரயில் வந்து போய்விட்டது.

"எந்த மாடி, ஆன்ட்டி?"
"மேடைக்கு."
"நல்லவேளை. நானும் அங்கதான். இன்னொரு தடவை அமுக்கணும்னா
டபுள் சார்ஜ்லா."
"கிரிஷாந்த்," என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

டி-17 நீயா என்று
கேட்கக் கூடாதென்று கையெழுத்திட்டவள் நான்.
நாக்கின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

"கையில என்ன நீல மை?"
"குழாய்ல பேர் எழுதற வேலை, தம்பி."
பேர் என்று ஏன் சொன்னேன்.
"எழுத்து ரொம்பச் சின்னதா?"
"ரொம்ப."
"எனக்கும் இப்ப அப்படித்தான் வருது.
டீச்சர் கண்ணாடி மாத்திட்டாங்க."

கதவு திறந்ததும்
பின்பக்கமாகவே வண்டியை எடுத்தான்,
எங்கும் இடிக்காமல்.

செவ்வாய்க்கிழமை
குழல்களுக்குத் தீனி மாற்ற வேண்டும்.